வளையம் உடையாத மூடி

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அண்ணி அதைக் கவனிக்கவில்லை.

"சப்ளையர்... சோர்ஸ்... கன்டாமினேஷன்..." ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டு மென்று பார்ப்பது போல முணுமுணுத்தாள். நடுவில் ஒரு சொல் வழுக்கியது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

சின்னவள் கதவருகே நின்றாள். உள்ளே போய் அடுப்பை அணைத்திருக்கலாம். போனால் அண்ணி நிறுத்திவிடுவாள். இன்னும் இரண்டு சொல் கேட்கலாமே என்று நின்றாள். பால் வழிந்தது.

"கதவுக்குப் பின்னாடி நிக்கிறவங்க வந்து அடுப்பை அணைச்சிருக்கலாம்ல?" என்றாள் அண்ணி, திரும்பாமலே.

சின்னவளுக்குக் காது சிவந்தது. "இப்பதான் வந்தேன் அண்ணி."

"ம். பாலும் இப்பதான் பொங்கிச்சு."

ஒரு வாரமாகவே வீடு இப்படித்தான் இருந்தது. மாடிப்படியில் அண்ணி யாரிடமோ போனில், "இது வீட்ல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து சின்னவளுக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த ஆங்கிலச் சொற்கள். எல்லாமே தொழிற்சாலைச் சொற்கள். வணக்கம் சொல்லவோ, வழி கேட்கவோ அண்ணி ஆங்கிலம் படிக்கவில்லை. சரக்கு தருபவர், மூலம், கலப்படம் என்று படித்தாள்.

பழைய பிளாஸ்டிக்கைக் கழுவி, அரைத்து, உருக்கி, குருணையாக்கி விற்பது இந்தக் குடும்பத்தின் தொழில். அண்ணன் முதலாளி. வருகிற சரக்கைத் தரம் பிரிக்கும் கூடம் அண்ணியின் பொறுப்பு. வேதியியல் படித்த சின்னவளுக்குப் பரிசோதனை மேசை. வாங்குகிற கம்பெனிக்காரர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். யார் வந்தாலும் நடுவில் நின்று மாற்றிச் சொல்வது சின்னவளின் வேலை.

அவள் கூச்சக்காரி. தன் பேச்சு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் பேச்சை மாற்றிச் சொல்வதென்றால் தங்குதடையில்லாமல் வரும்.

இப்போது அண்ணி அந்த நடுவிடத்தைத் தாண்டிப் போகப் பார்க்கிறாள். எனக்குத் தெரியாமல் அவர்களிடம் பேச அவளுக்கு என்ன இருக்கிறது?

"என்ன, ரெண்டு பேரும் அடுப்பையே பாத்துட்டு நிக்கிறீங்க?" அண்ணன் சட்டைக்கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தொழிற்சாலைக்கு அவன் அப்படிப் போவதில்லை.

"இன்னிக்கு ஆய்வு. ஞாபகம் இருக்கில்ல? வெளிய யார்கிட்டயும் மூச்சு விடலையே?"

"யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றாள் சின்னவள்.

"கல்யாணப் பொண்ணு. போன்ல ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட."

"அவர்கிட்டயும் சொல்லல."

அது உண்மை. நேற்று மாப்பிள்ளை கூப்பிட்டபோதுகூட, நாளைக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாள். வாங்குகிற கம்பெனி, ஆய்வு நாளை வெளியில் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லக் கூடாது என்றால் சொல்லக் கூடாது.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலை. பெண் பார்க்க வந்த அன்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பச்சை மூடியை எடுத்து அவளிடம் நீட்டினான். "உள்ள பாருங்க. மூணு புள்ளி. எங்க அச்சோட அடையாளம் அது" என்றான். அதற்கு மேல் அவனுக்குப் பேச வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. அந்த மௌனம் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த மூடி இப்போது அவள் பரிசோதனை மேசையில் குண்டூசி போட்டு வைக்கும் கிண்ணம்.

"நீ என்ன, ஒரு மாதிரியா இருக்க?" அண்ணன் மனைவியைக் கேட்டான்.

"பால் வழிஞ்சு போச்சு. அந்தக் கவலைதான்."

"பால் போனா போகுது. நான் சொல்லிக்குடுத்தது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் அண்ணி. அடுப்பைத் துடைத்தபடி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

*

தொழிற்சாலையில் எல்லாமே துடைத்து வைத்தது போல இருந்தது. கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீரைக்கூடத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

உருக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவருக்கு 'சூடு' என்று பெயர். மெஷினின் சூடு எவ்வளவு என்று யாராவது கேட்டால், அளவைச் சொல்லாமல், "சூடா இருக்கு" என்பார். அவர் இன்று துவைத்த தொப்பியில் நின்றார்.

"சின்னம்மா, நானும் இங்கிலீஷ் படிச்சுட்டேன். கேளுங்க."

"சொல்லுங்க."

"மெஷின் குட். பாய்லர் குட். சூப்பர்வைசர் குட்."

"நம்மகிட்ட பாய்லரே இல்லையே."

"அது எனக்கும் தெரியும். சொல்றதுக்கு நல்லா இருக்குல்ல?"

சின்னவள் சிரித்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். மேசையில் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது.

கடைசி பேட்சின் குருணை வெள்ளைத் தட்டில் இருந்தது. ஒன்றுக்கொன்று வித்தியாசமில்லாத பச்சை. உருக்கி ஒழுகவிட்டபோது ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் ஒழுகியது. முகர்ந்து பார்த்தாள். வாசனையே இல்லை.

முடிவு இவ்வளவு நன்றாக வரக் கூடாது.

தெருவிலிருந்து வரும் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு கழுவினாலும் சோப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் சேர்ந்த ஒரு நெடி உள்ளே ஒளிந்திருக்கும். உருக்கும்போது வெளியே வரும். ஒரு கை குருணை எடுத்தால் அதில் வெயிலில் வெளுத்தது இருக்கும், பழுத்தது இருக்கும். இதில் அந்தக் கறையெல்லாம் எங்கே போனது?

வாங்குகிற கம்பெனிக்குத் தேவை 'போஸ்ட் கன்ஸ்யூமர்' சரக்கு. மக்கள் வாங்கி, பயன்படுத்தி, தூக்கிப் போட்டது. அதற்குத்தான் அவர்கள் இத்தனை மெனக்கெடுகிறார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே விழுகிற வெட்டுத் துண்டும், குறையென்று ஒதுக்கிய பொருளும் அவர்களுக்கு வேண்டாம். ஆனால் இரண்டையும் உருக்கிவிட்டால் வேதியியலால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் தண்ணீரில் மிதக்கும். இரண்டும் ஒரே சூட்டில் இளகும்.

ஒவ்வொரு பேட்சுக்கும் கீழே 'இது போஸ்ட் கன்ஸ்யூமர்' என்று கையெழுத்துப் போடுவது அவள். அது பொய்யென்று தெரிந்தால் அண்ணனுக்கு ஒரு ஒப்பந்தம் போகும். அவளுக்குப் பெயர் போகும். இந்தத் தொழிலில் வேறெந்தப் பரிசோதனை மேசையிலும் அவளை உட்கார வைக்க மாட்டார்கள். அவளுக்குச் சத்தமில்லாமல் செய்ய முடிந்த ஒரே வேலை இது.

எழுந்து தரம் பிரிக்கும் கூடத்துக்கு நடந்தாள்.

அண்ணி அங்கே இல்லை. மேசை மேல் மூடிகள் குவிந்து கிடந்தன. நேற்று மத்தியானம் ஒரு லாரி வந்ததையும், அண்ணி தானே போய்க் கதவைத் திறந்து விட்டதையும் சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள்.

ஒரு கை மூடி அள்ளினாள். சேறு. தெருச் சேறென்றால் ஒன்றில் மண்ணிருக்கும், இன்னொன்றில் கரி இருக்கும், மற்றொன்றில் காய்ந்த பழச்சாறு இருக்கும். இதில் எல்லாவற்றிலும் ஒரே சாம்பல் நிறம். அவர்களுடைய கழுவும் தொட்டியின் அடியில் படிகிற அதே நிறம்.

யாரோ மூடிகளை வேண்டுமென்றே அழுக்காக்கியிருக்கிறார்கள்.

ஒரு மூடியைப் புடவை முந்தானையில் துடைத்தாள். அதன் விளிம்பைப் பார்த்தாள்.

பாட்டிலைத் திறக்கும்போது மூடியின் அடியிலிருக்கும் மெல்லிய வளையம் அறுந்து பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடும். திறந்த மூடியின் விளிம்பில் அறுந்த முனைகள் விரலில் குத்தும். இதில் வளையம் அப்படியே இருந்தது. ஒரு முனைகூட அறுபடவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதிலும் அப்படித்தான். மற்றொன்றிலும்.

இந்த மூடிகளை யாரும் திறக்கவே இல்லை. இவை எந்தப் பாட்டில் மேலும் ஏறவே இல்லை.

"என்ன தேடுற?"

மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அண்ணி வந்தாள்.

சின்னவள் மூடியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். பிறகு திறந்தாள். "இது எங்கிருந்து வந்துச்சு அண்ணி?"

"லாரியில வந்துச்சு."

"நீங்கதான் கதவைத் திறந்தீங்க."

"கதவு மூடியிருந்தா திறக்கத்தானே செய்வாங்க?"

"விளையாடாதீங்க. போன்ல யார்கிட்ட பேசுறீங்க? எதுக்கு இங்கிலீஷ் படிக்கிறீங்க? எனக்குத் தெரியாம அவங்ககிட்ட என்ன பேசப்போறீங்க?"

இவ்வளவு கேள்வியை அவள் ஒரே மூச்சில் யாரிடமும் கேட்டதில்லை. அண்ணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ என்னைச் சந்தேகப்படுற."

சின்னவள் மூடியின் வளையத்தை நகத்தால் நெருடினாள்.

"நல்லது. நான் உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் இங்கிலீஷே படிக்க ஆரம்பிச்சேன்."

"என்னையா?"

"பின்ன? போன தடவை அந்தம்மா வந்தப்ப என்னைப் பாத்து நீளமா ஏதோ கேட்டாங்க. நீ என்கிட்ட, 'சரக்கு நல்லாருக்கான்னு கேக்குறாங்க'ன்னு மூணு வார்த்தையில சொன்ன. அவ்வளவு நீளம் எங்க போச்சு? நான் தலையாட்டினேன். உங்கண்ணன் மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துக்கிட்டு என் தலையை ஆட்டி வைக்கிறீங்கன்னு நினைச்சேன்."

சின்னவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆய்வாளர் கேட்ட கேள்வி நீளம்தான். அண்ணன் குறுக்கே புகுந்து, "சுருக்கமா கேளு, அவளுக்குப் புரியாது" என்றான். அவள் சுருக்கினாள். சுருக்குவது தப்பென்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

"என்கூடப் படிச்சவ ஒருத்தி இங்கிலீஷ் டீச்சரா இருக்கா. அவகிட்டதான் போன்ல படிக்கிறேன். வீட்ல தெரிஞ்சா சிரிப்பாங்க, அதான் யாருக்கும் சொல்லாதேன்னேன்." அண்ணி ஒரு மூடியை எடுத்து உருட்டினாள். "உங்கண்ணன் கூடத்துல எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்குடுத்திருக்காரு. யார் என்ன கேட்டாலும் 'போஸ்ட் கன்ஸ்யூமர்'னு சொல்லணுமாம். அப்படின்னா என்னங்கன்னு கேட்டேன். முதல் தரச் சரக்குன்னு அர்த்தமாம்."

"அப்படியா சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு. டீச்சர்கிட்ட கேட்டேன். அவ வேற சொன்னா."

இருவரும் அந்த மூடியைப் பார்த்தார்கள்.

"ராத்திரி தூக்கமே இல்ல" என்றாள் அண்ணி. "தெரியாமச் சொல்லிட்டாரோ, தெரிஞ்சே சொன்னாரோன்னு. கூடப் படுத்திருக்கிற மனுஷன். கேட்டா என்ன சொல்லுவாருன்னு பயமா இருக்கு."

"லாரியை அனுப்பினது யாரு?"

"டிரைவர் வாயே திறக்கல. உங்கண்ணன்தான் போன் பண்ணி, கதவைத் திறந்து விடுன்னாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரோட்டுக் குப்பைன்னா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு இறக்குவோம். இதை இறக்கினப்ப யாருமே மூக்கைப் பிடிக்கல. காலையில வந்து பாத்தா எல்லாத்துலயும் சேறு."

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணனின் குரல் உரக்க வரவேற்றது.

அண்ணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டாள். "உனக்குத் தெரியாதுன்னு இப்ப நம்புறேன். நீ என்னை நம்புறியா?"

சின்னவள் தலையாட்டினாள். தலையாட்டிய பிறகுதான், முழுவதும் நம்புகிறோமா என்று யோசித்தாள்.

*

ஆய்வாளர் காரிலிருந்து தன் சொந்த பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் அதிகம் பேசவில்லை. தொட்டிக்குள் கையை விட்டார். அரைக்கும் மெஷினின் வாயை எட்டிப் பார்த்தார். அண்ணன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று சிரித்தான். சின்னவள் நடுவில் நடந்தாள், ஒருவர் பேச்சை மற்றவருக்குக் கொடுத்துக்கொண்டு.

உருக்கும் மெஷின் அருகில் எவ்வளவு சூடு என்று ஆய்வாளர் கேட்டார்.

"மெஷின் குட்" என்றார் சூடு.

ஆய்வாளர் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார். அவள் அளவைச் சொன்னாள். சூடு அவளை மரியாதையோடு பார்த்தார்.

தரம் பிரிக்கும் கூடத்துக்கு வந்தார்கள். ஆய்வாளர் மேசையிலிருந்து ஒரு கை மூடி அள்ளினார். கையைக் கொஞ்சம் ஆட்டினார், தானியம் புடைப்பது போல. பிறகு அண்ணியைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று இவரிடம் கேளுங்கள், சுருக்காமல் கேளுங்கள் என்றார்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் குரல் வந்தது.

"ஐ சார்ட்" என்றாள் அண்ணி, தன் நெஞ்சைத் தொட்டு. சின்னவளைக் காட்டினாள். "ஷி டெஸ்ட்ஸ்." கை மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பியது. "ஹி பைஸ்."

அடுப்பின் முன் நின்று தினமும் மென்ற சொற்களில் மூன்றே வாக்கியங்கள்தான் மிஞ்சின: பிரிப்பது நான், சோதிப்பது அவள், வாங்குவது அவர். அதுவே போதுமானதாக இருந்தது.

அண்ணனின் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆள் இல்லாமல் கொடியில் தொங்கும் சட்டை போல. ஆய்வாளர் அவன் பக்கம் திரும்பினார்.

"சின்னு" என்றான் அண்ணன். "எல்லாம் தெருவுல பொறுக்கினதுன்னு சொல்லு. போஸ்ட் கன்ஸ்யூமர்."

இத்தனை நாளும் அவன் சொல்வான், அவள் மாற்றிச் சொல்வாள். குழாய் தண்ணீரைக் கேள்வி கேட்பதில்லை. இன்று எதிரில் அண்ணி நிற்கிறாள். இந்தப் பக்கத்துச் சொல்லும் அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கத்துச் சொல்லும் தெரியும்.

சின்னவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது தெருவிலிருந்து வந்தது என்று சொல்லும்படி என் அண்ணன் சொல்கிறார்."

பிறகு தன் கையிலிருந்த மூடியை மேசை மேல் வைத்தாள். பக்கத்தில், மேசைக்கு அடியில் கிடந்த பழைய மூடி ஒன்றையும் எடுத்து வைத்தாள். ஒன்றில் வளையம் அறுந்திருந்தது. மற்றதில் அறுபடவில்லை.

"இதை யாரும் திறந்ததில்லை. இந்த பேட்சுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். போன பேட்சையும் திரும்பப் பார்க்க வேண்டும். அதில் என் கையெழுத்து இருக்கிறது."

முதல் முறையாக அது அவளுடைய பேச்சாக இருந்தது.

எங்கோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பாவி" என்றான் அண்ணன் மெல்ல. கோபம்கூட இல்லை. "யாருக்காகச் செஞ்சேன்னு தெரியாம..."

"யாருக்காக?" என்றாள் அண்ணி.

அவன் சட்டைக்கைப் பொத்தானைத் திருகினான்.

ஆய்வாளர் வளையம் உடையாத மூடியை எடுத்துத் திருப்பினார். உட்பக்கம் சேறு அப்பியிருந்தது. கட்டைவிரலால் தேய்த்தார். பச்சை தெரிந்தது. இன்னும் தேய்த்தார்.

நடுவில் மூன்று புள்ளிகள்.

சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தான். முதலாளி அசைக்கிற தலை இல்லை அது. அவளுக்கு சைக்கிள் பழக்கும்போது பின்னால் பிடித்திருந்த கையை விடுவதற்கு முன், திரும்பிப் பார்த்தால் அவன் முகம் இப்படித்தான் இருந்தது.

சின்னவளின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பரிசோதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையின் பை. பார்க்க வேண்டாம் என்று நினைத்தபடியே பார்த்தாள்.

மாப்பிள்ளை அனுப்பியிருந்தான்.

'ஆய்வு நல்லபடியா முடிஞ்சுதா?'

அவள் அவனிடம் சொல்லவே இல்லை.

"ஹூ மேக்ஸ் திஸ்?" என்று கேட்டார் ஆய்வாளர், மூடியை நீட்டியபடி.

சின்னவள் போனைப் பைக்குள் திருப்பிப் போட்டாள். அந்தக் கேள்வியை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அண்ணி அதைப் புரிந்துகொண்டு, மூடியையும் சின்னவளின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.